இஞ்சிச் சோடா காய்ச்சும் நாள்: எதை மீட்கலாம், எதைக் கொட்ட வேண்டும்

வீட்டில் நொதிக்க வைத்துச் செய்யும் இஞ்சிச் சோடாவுக்கான குறிப்புகள் பெரும்பாலும் எல்லாம் ஒழுங்காக நடக்கும் ஒரு நாளை மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. கொங்குப் பகுதியில், அதிலும் சித்திரை வெயிலில், அப்படி ஒரு நாள் வாய்ப்பது அரிது. தண்ணீரில் மருந்து வாடை அடிக்கும், பாகு ஆறாது, புனல் அடைத்துக்கொள்ளும், பாட்டில்களை அடுக்கி வைத்த மறுநாள் பார்த்து மின்சாரம் நின்றுவிடும். ஆகவே செய்முறையை வரிசையாகச் சொல்லும்போதே, எந்தக் கட்டத்தில் எது கெடும், கெட்டதை மீட்க முடியுமா, தயங்காமல் கொட்டிவிட வேண்டுமா என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இது போதைக்கான பானம் அன்று. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலாக 1937 அக்டோபர் 1 அன்று நம் சேலம் மாவட்டத்தில்தான் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆண்டின் சட்டம் திருத்தங்களுடன் இன்றும் இருக்கிறது. வீட்டில் மது காய்ச்சுவது குற்றம். இஞ்சிச் சோடாவை இலேசான வாயு சேர்ந்தவுடன் குளிரூட்டி நிறுத்திவிடுவதுதான் முறை. அப்போதும் அதில் சிறிதளவு ஆல்கஹால் இருக்கும் என்பதால் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்க வேண்டாம்.

உறை தயாரித்தல்

தயிருக்கு உறைமோர் போல, சோடாவுக்கும் ஓர் உறை வேண்டும். அரை லிட்டர் தண்ணீரில் பொடியாக நறுக்கிய இஞ்சி ஒரு மேசைக்கரண்டி, சர்க்கரை ஒரு மேசைக்கரண்டி போட்டுக் கலக்கி, கண்ணாடி ஜாடியின் வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். தினமும் அதே அளவு இஞ்சியும் சர்க்கரையும் சேர்த்துக் கலக்கிவர வேண்டும். கோடையில் மூன்று நாட்களிலும், மார்கழியில் ஐந்து நாட்களோ அதற்கு மேலோ கழித்தும், இஞ்சித் துண்டுகள் மேலே மிதந்து, கலக்கும்போது சர்ரென்று நுரை எழும். ஜாடியில் காது வைத்தால் குமிழிகள் வெடிக்கும் மெல்லிய ஓசை கேட்கும். உறை தயார்.

நுரை எழவில்லை என்றால் முதலில் தண்ணீரைச் சந்தேகியுங்கள். குழாய்த் தண்ணீர் சிறுவாணியோ பவானியோ காவிரியோ, எதுவானாலும் அதில் குளோரின் கலந்தே வரும். அது நமக்கு நல்லது, ஈஸ்ட்டுக்கு ஆகாது. கால் மணி நேரம் கொதிக்க வைத்து ஆறவைத்தாலோ, அகலமான போசியில் (பாத்திரத்தில்) இரவு முழுவதும் திறந்து வைத்தாலோ பெரும்பகுதி போய்விடும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீர் வேண்டாம். அதன் காரத்தன்மை புளிப்பு ஏறுவதைத் தடுக்கும். புளிப்பு ஏறாத உறையில் வேண்டாத கிருமிகள் இடம் பிடித்துக்கொள்ளும். வீட்டில் ஆர்.ஓ. தண்ணீர் இருந்தால் நாட்டுச் சர்க்கரையோடு அது நன்றாகவே வேலை செய்யும்.

அடுத்தது இஞ்சி. ஈஸ்ட் இருப்பது பெரும்பாலும் தோலில். பளபளவென்று கழுவி அடுக்கிய இஞ்சியைவிட, சந்தையில் மண்ணோடு கிடைக்கும் இஞ்சியை வாங்கி, மண் போக மட்டும் அலசித் தோலோடு நறுக்குவது மேல். சர்க்கரையைப் பொறுத்தவரை, பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகும் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையே நம் பக்கத்தில் கிடைக்கும்போது வேறெதுவும் தேட வேண்டியதில்லை. ஆனால் கண்ணைப் பறிக்கும் இளமஞ்சளில் இருப்பதைத் தவிர்த்துவிடுங்கள். வெளுப்பு வருவதற்காக ஹைட்ரோஸ் என்ற இரசாயனத்தைச் சேர்த்திருந்தால், மிஞ்சி நிற்கும் கந்தகச் சேர்மம் ஈஸ்ட்டை முடக்கும். அழுக்குப் பழுப்பாக இருப்பதே நமக்கு வேண்டிய சரக்கு.

இந்த மூன்றில் எது காரணமாக இருந்தாலும், நாற்றம் இல்லாதவரை உறையைக் கொட்ட வேண்டாம். நல்ல தண்ணீரும் புது இஞ்சியும் சேர்த்து இன்னும் இரண்டு நாள் பார்க்கலாம். மேற்பரப்பில் வெள்ளையாக, தட்டையாக, ஆடை போலப் படிவது ஒருவகை ஈஸ்ட். அதை வழித்து எறிந்துவிட்டுத் தொடரலாம். பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறத்திலோ பஞ்சு போலவோ எழும்பியிருந்தால் அது பூஞ்சணம். மேலே மட்டும் எடுத்துப் பயனில்லை, மொத்தத்தையும் கொட்டுங்கள். கரண்டியில் எடுத்தால் கோழை போல நூல் விட்டாலும் புதிதாகச் செய்பவர் கொட்டிவிடுவதே நல்லது. ஜாடிக்குக் கொசுவலைத் துணி போதாது. பழ ஈ அதற்குள் எளிதாக நுழையும், நுழைந்தால் காடி ஆக்கும் பாக்டீரியாவையும் கொண்டுவரும். ஈரோட்டுக் காடாத்துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் கவலை இல்லை. திருப்பூர் பனியன் துணி இழுத்துக் கட்டும்போது கண் விரியும் என்பதால் அது சரிப்படாது.

காய்ச்சும் நாள்

எவர்சில்வர் பாத்திரத்தில் இரண்டு லிட்டர் தண்ணீர், 100 கிராம் இஞ்சி, 160 கிராம் நாட்டுச் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு. புளிப்பான திரவம் என்பதால் அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். இஞ்சியை அம்மியிலோ உரலிலோ நசுக்கிப் போடுங்கள், மிக்ஸியில் விழுதாக அரைக்காதீர்கள். இஞ்சியில் மாவுச்சத்து உண்டு. விழுதாகக் கொதிக்க வைத்தால் அது கஞ்சியாகி வடிதுணியை அடைக்கும், புனலையும் அடைக்கும். அரைத்துவிட்டீர்களானால், கொதிக்க வைப்பதற்கு முன்பே சாற்றைப் பிழிந்து பத்து நிமிடம் அசையாமல் வைத்து, அடியில் வெள்ளையாகத் தங்குவதை விட்டுவிட்டு மேல் சாற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கால் மணி நேரம் கொதித்த பின் வடிகட்டுங்கள். நாட்டுச் சர்க்கரையில் இருக்கும் தூசும் கரும்புச் சக்கையும் இந்த வடிகட்டலில் போய்விடும்.

பெரும்பாலான நாட்கள் கெடுவது இதற்கு அடுத்த இடத்தில்தான். ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்துவிட்டார்கள், அடுப்பு வேண்டும், நேரமாகிறது என்று சூடான பாகில் உறையை ஊற்றிவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். 50 டிகிரிக்கு மேல் அது தாங்காது. 30 டிகிரிக்குக் கீழே வந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். காய்ச்சல் பார்க்கும் கண்ணாடித் தெர்மாமீட்டரை இதில் விடாதீர்கள். அது 42 டிகிரி வரைதான் காட்டும், சூட்டில் உடைந்தால் மொத்தப் பாகும் சாக்கடைக்குத்தான். மணிக்கட்டின் உட்புறத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தால் சூடே தெரியக் கூடாது. விரைவாக ஆற்ற வேண்டுமானால் மூடிய பாத்திரத்தைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, தொட்டித் தண்ணீரை இரண்டு மூன்று முறை மாற்றுங்கள். கடை ஐஸ் கட்டியைப் பாகுக்குள் போடுவது, அது எந்தத் தண்ணீரில் உறைந்தது என்று தெரியாததால், ஆபத்தானது.

ஆறிய பாகில் இரண்டு எலுமிச்சம்பழத்தின் சாற்றை விதையில்லாமல் பிழிந்து, வடிகட்டிய உறையில் 200 மி.லி. சேர்த்துக் கலக்குங்கள். உறை முழுவதையும் ஒருபோதும் ஊற்றிவிடக் கூடாது. சூட்டில் ஊற்றி ஈஸ்ட் செத்துப்போயிருந்தால், மறுநாள் குமிழியே இல்லாமல் பாகு சர்க்கரைத் தண்ணீராக நிற்கும். அப்போது ஜாடியில் மிச்சம் வைத்த உறையிலிருந்து 100 மி.லி. ஊற்றினால் அநேகமாக மீண்டுவிடும். அதற்குள் கெட்ட வாடை வந்திருந்தால் முயல வேண்டாம்.

பாட்டில்

கடைச் சோடா வந்த கனமான பிளாஸ்டிக் பாட்டில்களையே பயன்படுத்துங்கள். தண்ணீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. சதுரக் கண்ணாடி பாட்டில் அழகுக்கு மட்டும்தான். கோலி சோடா பாட்டிலில் ஊற்றிப் பார்க்கும் ஆசை நம் ஊரில் பலருக்கும் உண்டு. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872இல் காப்புரிமை பெற்ற அந்த அமைப்பில், வாயுவின் அழுத்தம்தான் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு சேர்த்து அடைக்கிறது. வாயு இன்னும் பிறக்காத நம் பானத்தில் கோலி அடைக்காது. பிளாஸ்டிக் பாட்டில்களைக் கொதிநீரால் கழுவினால் சுருங்கிக் கோணலாகிவிடும். கை பொறுக்கும் சூடு போதும்.

வாயிலிருந்து மூன்று விரல் இடம் விட்டு ஊற்றி, பாட்டிலை இலேசாக அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுங்கள். குழிந்த பக்கம் மெல்ல நிமிர்ந்து வருவதே வாயு சேர்வதற்கான அடையாளம்.

இங்கே ஒரு கணக்கைப் புரிந்துகொண்டால் பயம் தானாக வரும். ஒரு லிட்டரில் 4 கிராம் சர்க்கரை நொதித்தால் சுமார் 2 கிராம் கரியமில வாயு பிறக்கும். அது ஏறத்தாழ ஒரு லிட்டர் வாயு. கடைச் சோடாவில் இருப்பது இதைப்போல மூன்று, நான்கு மடங்கு. நம் பாகில் லிட்டருக்கு 80 கிராம் அளவுக்குச் சர்க்கரை இருக்கிறது. முழுவதும் நொதித்தால் லிட்டருக்கு இருபது லிட்டர் வாயு. எந்தப் பாட்டிலும் தாங்காது. கூடவே, 8 கிராம் நொதிக்கும்போதே ஆல்கஹால் அரை சதவீதத்தை எட்டிவிடும். அதற்கு மேல் போனால் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி அது மதுபானக் கணக்கில் சேர்ந்துவிடும். கடைச் சோடா அளவுக்கு நுரை வேண்டும் என்று ஆசைப்படாமல், பாட்டில் நிமிர்ந்து, அமுக்கினால் சற்றே குழியும் நிலையிலேயே குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். கரூர் பரமத்தி வெயிலில் இதற்கு ஒரு பகலே போதும், ஆகவே நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தொட்டுப் பாருங்கள்.

கல் போல இறுகிவிட்ட பாட்டிலை அப்படியே திறக்காதீர்கள், பாதிப் பானம் கூரைக்குப் போகும். ஓர் இரவு குளிர வைத்து, தொட்டிக்கு மேல் பிடித்து, மூடியைக் கால் சுற்று திருகி வாயுவை விட்டு விட்டு வெளியேற்றுங்கள். கண்ணாடி பாட்டிலில் ஊற்றி மறந்துவிட்டீர்களானால், கையில் எடுக்கும் முன் ஈரச் சாக்கால் போர்த்துங்கள், கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள்.

குளிர் நொதித்தலை மந்தப்படுத்துமே தவிர நிறுத்தாது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குப் போகும் மின்சாரம் மாலைவரை வராத நாளும் உண்டு. மூடியே வைத்தால் குளிர்பெட்டி நான்கு மணி நேரம் அளவுக்குத் தாங்கும். அதற்கு மேல் நீண்டால் பாட்டில்களை ஐஸ் போட்ட வாளித் தண்ணீரில் நிறுத்தி, மின்சாரம் வந்த பிறகு ஒவ்வொன்றிலும் வாயுவைக் கொஞ்சம் விடுங்கள். இங்கே கடை ஐஸ் பரவாயில்லை, பானத்தில் படப்போவதில்லை.

ஒரு வாரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடுங்கள். மிச்ச உறையை மூடியைத் தளர்த்திக் குளிர்பெட்டியில் வைத்து, வாரம் ஒரு கரண்டி இஞ்சியும் சர்க்கரையும் போட்டுவந்தால், அடுத்த முறைக்கு முந்தின நாள் வெளியே எடுத்து வைத்தாலே போதும்.