புற்றுநோய்ப் பதிவேட்டுத் தரவில் ஆய்வு: முதன்முறை செய்பவர்களுக்கு

ஒரு மருத்துவமனையின் பதிவேடு அங்கே வந்தவர்களை மட்டுமே காட்டும். மக்கள்தொகை சார்ந்த பதிவேடு அப்படியல்ல. ஒரு பகுதியில் வசிப்பவர்களில் யாருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டாலும், எங்கே சிகிச்சை எடுத்தாலும், அவரைப் பதியப் பார்க்கும். அதனால்தான் 'லட்சத்தில் எத்தனை பேர்' என்று இதில் கணக்குப் போட முடிகிறது.

படி 1: கேள்வியைக் குறுக்குங்கள். "மார்பகப் புற்றுநோய் கூடுகிறதா?" என்பது போதாது. எந்த வயதினரிடம், எந்த ஆண்டுகளில் என்று எழுதிக்கொண்ட பிறகு தரவைத் தேடுங்கள். பல நாட்டுத் தரவு வேண்டுமென்றால், 1966 முதல் வெளிவரும், இப்போது சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை வெளியிடும் 'ஐந்து கண்டங்களில் புற்றுநோய் நிகழ்வு' தொகுப்பில் தொடங்கலாம்.

படி 2: குறியீட்டைக் கவனியுங்கள். பதிவேட்டில் உறுப்புக்கு ஒரு குறியீடு, புற்று வகைக்கு ஒரு குறியீடு இருக்கும். மார்பகம் சி50. புற்று வகைக்கு 8500/3 என்றிருந்தால் பரவும் தன்மையுள்ளது. 8500/2 என்றால் பால்குழாய்க்குள்ளேயே நிற்பது. கடைசி இலக்கம்தான் வித்தியாசம். இரண்டையும் கலந்து எண்ணினால், பரிசோதனை முகாம்கள் அதிகம் நடக்கும் இடத்தில் நோயே கூடியதுபோல் தோன்றும்.

படி 3: தரம் பாருங்கள். இறப்புச் சான்றிதழ் வழியாக மட்டும் தெரியவந்தவர்கள் எத்தனை சதவீதம்? அதிகமென்றால் பல நோயாளிகள் உயிரோடிருக்கும்போது பதிவேட்டின் கண்ணில் படவில்லை. சுழியம் என்றாலும் உடனே மகிழ வேண்டாம். இறப்புப் பதிவுகளையே பார்க்காமல் விட்டிருக்கலாம்.

படி 4: வயதைச் சீராக்குங்கள். இதைத் தாண்டிப் போகவே கூடாது. முதியவர்கள் நிறைந்த ஊரில் புற்றுநோய் அதிகம் இருப்பது இயல்பு; அதை இளைஞர்கள் நிறைந்த ஊரோடு அப்படியே ஒப்பிடுவது அநியாயம். 60–64 வயதில் 20,000 பேர், ஓராண்டில் 40 புதிய நோயாளிகள் என்று வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 200. உலகத் தர மக்கள்தொகையில், அதாவது ஊர்களை ஒப்பிடுவதற்காகவே வகுத்த மாதிரி மக்கள்தொகையில், இந்த வயதினர் லட்சத்துக்கு 4,000. 200ஐ 4,000ஆல் பெருக்கி லட்சத்தால் வகுத்தால் 8. ஒவ்வொரு வயதுக் குழுவுக்கும் இப்படிச் செய்து கூட்டினால் சீராக்கிய வீதம் வந்துவிடும்.

சரி, வரைபடம் போட்டாயிற்று, கோடு ஏறுகிறது. காரணம் எழுதும் முன் கண்டறியும் முறை மாறியதா என்று பாருங்கள். அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோயைத் தேடும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பரவியபோது புராஸ்டேட் புற்றுநோய் வீதம் மளமளவென ஏறி 1992 வாக்கில் உச்சம் தொட்டது, அப்புறம் இறங்கியது. அதனால் உங்கள் படத்தில் இறப்பு வீதத்தையும் வரைந்து பாருங்கள்; அது கூடவே ஏறாவிட்டால், நோய் அல்ல, கண்டறிவதுதான் கூடியிருக்கலாம்.