கூத்து வழியாக ஊரின் வேரைத் தேடும்போது வரும் பிழைகள்

மட்டக்களப்புக் கூத்தை ஆராய வருகிறவர்களில் பலர் நேரே அரங்கேற்ற இரவுக்குத்தான் வருகிறார்கள். களரி என்கிற ஆடுகளத்தின் ஓரத்தில் கமெராவை நட்டுவைத்துவிட்டு விடிந்ததும் புறப்பட்டுவிடுவார்கள். பெரிய பிழை அதுதான்.

சட்டம் கொடுத்தல் (அவரவர் பாட்டைப் பகிர்ந்து கொடுப்பது), சதங்கை அணிதல், கிழமைக் கூத்து (வாராந்த ஒத்திகை), அடுக்குப் பார்த்தல் (கடைசி முழு ஒத்திகை) என்று அரங்கேற்றத்துக்கு முன்னால் மாதக்கணக்கில் பழக்கம் நடக்கும். ஒரு தருவை, அதாவது கூத்துப் பாட்டை, எப்படி இழுத்துப் பாடுவது என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியாரும் பழைய ஆட்டக்காரர் ஒருவரும் முட்டிக்கொள்ளும்போதுதான், முன்பு அந்த வேடத்தை யார் கட்டினார், அந்தக் குடும்பம் ஏன் பிறகு களரிப் பக்கமே வரவில்லை என்ற கதையெல்லாம் வெளியே வரும். கேள்வித்தாளை நீட்டிப் பாருங்கள், "நல்லாத்தான் ஆடினாங்க மனே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அதனால் தாளக்கட்டுக்குக் கால் வராவிட்டாலும் பரவாயில்லை, நீங்களும் இறங்கி ஆடுங்கள். உங்களைத் திருத்துகிற சாக்கில் ஊர் தன் கதையைச் சொல்லும்.

அடுத்தது, 'அசல்' கூத்து எது என்ற தேடல். ஒரே கூத்துக்கு இரண்டு அண்ணாவியாரிடம் இரண்டு விதமான கொப்பி (பாட்டெழுதிய கையெழுத்துப் பிரதி) இருக்கும். எது சரி என்று தீர்ப்புச் சொல்வது நம் வேலையில்லை. ஏன் மாறியது என்று கேட்டால் போதும்.

ஊரை விட்டுவிட்டுக் கூத்தை மட்டும் எடுத்துப்போவது இன்னொன்று. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் 'இராவணேசன்' போன்ற கூத்துகளைத் தயாரித்தார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடியது சுருங்கி, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தது. படித்தவர்களிடம் கூத்துக்கு மதிப்பு வந்தது அதனால்தான், அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் ஆராய்ச்சி என்று பார்த்தால், எனக்கு மட்டக்களப்பின் சீலாமுனை ஊரில் நடந்த வேலைதான் நெருக்கமாகப் படுகிறது. அரங்க ஆய்வாளர் சி. ஜெயசங்கரும் 'மூன்றாவது கண்' என்ற செயற்பாட்டுக் குழுவினரும் அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து 'கூத்து மீளுருவாக்கம்' செய்தார்கள். சாதி, பெண்களைக் காட்டும் விதம் பற்றியெல்லாம் ஆடுகிறவர்களே பேசி, பாட்டைத் திருத்தினார்கள்.

இதைக் கேட்டதும் சிலருக்கு அவசரம் வந்துவிடும். திருத்திய பிரதியை வீட்டிலேயே எழுதிக்கொண்டு ஊருக்குப் போவார்கள். அப்புறம் அது கூட்டு வேலையா? அதற்காக, மரபு என்று சொல்லிக் கசப்பானதை மூடவும் கூடாது. ராசா வேடம் யார் வீட்டுக்குப் போனது, பெண் வேடத்தையும் ஆண்களே ஏன் கட்டினார்கள், அந்த நேரம் பெண்கள் எங்கே இருந்தார்கள்? பாட்டு முழுக்கத் தெரிந்த பாட்டி ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். அவரிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கடைசியாகக் கொப்பி விஷயம். படம் பிடித்துக்கொண்டு மூலத்தை அன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். பழக்க நாட்களின் ஒலிப்பதிவிலும் ஒரு பிரதி அண்ணாவியார் வீட்டில் இருக்கட்டும். அடுத்த வருசம் சட்டம் கொடுக்கும்போது அது அவர்களுக்குத் தேவைப்படும்.