மூக்குக் கிருமியின் ஆர்என்ஏ கைநழுவும் முன்

ஏறத்தாழ மூன்றில் ஒருவர் மூக்கில் ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா சத்தமில்லாமல் குடியிருக்கிறது. மெத்திசிலின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத வகைகளில் பெரும்பாலும் அந்த மருந்தைத் தாங்க வைக்கும் மெக்ஏ (mecA) மரபணு இருக்கும். அந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று, அதன் ஆர்என்ஏ நகல்களை கியூபிசிஆர் (qPCR, மரபணுத் துண்டைப் பெருக்கி சிக்னலால் அளக்கும் சோதனை) மூலம் அளந்து பார்க்க நான் செய்வது இதுதான்.

மூக்கில் தடவி எடுக்கும் பஞ்சுக்குச்சியில் (ஸ்வாப்) மனித ஆர்என்ஏவும் கலந்து வரும். ஆகவே முதலில் கிருமியைத் தனியே வளர்த்துக்கொள்ளுங்கள். ஒரு குடுவையில் வளர்ச்சியை நிறுத்தாத அளவு ஆக்சசிலின் (மெத்திசிலின் வகை மருந்து), இன்னொன்றில் வெறும் ஊடகம்.

அப்புறம்தான் அவசரம். பாக்டீரியாவின் எம்ஆர்என்ஏ (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) சில நிமிடங்களில் சிதைந்துவிடும். மாதிரியை எடுத்தவுடன் ஆர்என்ஏ பாதுகாப்புக் கரைசலில் கலந்துவிடுங்கள். ஒருமுறை நடுவில் போன் பேசிவிட்டு வந்தேன், அன்றைய வேலை அத்தனையும் குப்பைக்குப் போனது.

ஆர்என்ஏவை வெளியே எடுக்கச் செல்சுவரை உடைக்க வேண்டும்; அதற்கு லைசோசைம் என்ற நொதி போதாது. தெரியாமல் இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டினேன். லைசோஸ்டாஃபின் என்ற நொதிதான் இந்தக் கிருமியின் சுவரிலுள்ள கிளைசின் பாலங்களை வெட்டும்.

டிஎன்ஏவை அழிக்கும் டிஎன்ஏஸ் நொதியைப் போட்ட பிறகும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் (ஆர்என்ஏவை டிஎன்ஏவாக நகலெடுக்கும் நொதி) சேர்க்காத ஒரு குழாயை ஓட்டுங்கள். அதில் சிக்னல் சீக்கிரமே வந்தால் டிஎன்ஏ மிச்சமிருக்கிறது. சிடிஎன்ஏவுக்கு (ஆர்என்ஏவிலிருந்து எடுத்த டிஎன்ஏ நகல்) ஒலிகோ-டிடி (ஆர்என்ஏவின் ஏ-வாலில் ஒட்டும் தொடக்கத் துண்டு) வேண்டாம், எங்கும் ஒட்டும் ரேண்டம் பிரைமர்தான் சரி. ஒப்பீட்டுக்கு நான் ஜைர்பி (gyrB) மரபணுவை வைப்பேன்; மருந்து பட்டும் அதன் அளவு மாறவில்லையா என்று முதலில் பார்த்துவிடுவேன்.

மூன்று முறை செய்வது என்றால் மூன்று தனித்தனி வளர்ப்புகள். ஒரே குழாயை சோதனைத் தட்டின் மூன்று கிணறுகளில் (குழிகளில்) ஊற்றுவதல்ல.