பீவர் அணை: கடப்பாரையோடு இறங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கனடாவிலும் அமெரிக்காவிலும் ஓடையை ஒட்டி நிலம் வைத்திருப்பவர்கள் ஏதோ ஒரு வருஷம் பீவரோடு மல்லுக்கட்ட வேண்டி வரலாம். பீவர் என்பது மரங்களைக் கடித்து வீழ்த்தி, கிளையும் சேறும் வைத்து ஓடையின் குறுக்கே அணை கட்டும் கொறிவிலங்கு. போன மாதம் வரை காய்ந்து கிடந்த மேய்ச்சல் நிலத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். வீட்டுக்குப் போகும் பாதை மூழ்கும், செப்டிக் டேங்க் பக்கம் ஈரம் ஏறும். கோபம் வருவது நியாயம்தான். அந்தக் கோபத்தில் பலரும் முதலில் செய்வது அணையை உடைப்பது. அதனால் பலன் இல்லை.

நாலு பேர் பகல் முழுக்கப் பிரித்துப் போட்டதைப் பீவர் குடும்பம் ஓரிரு இரவுகளில் அடைத்துவிடும். தண்ணீர் ஓடும் சத்தமே அதைக் கட்டத் தூண்டுகிறது. ஸ்வீடனைச் சேர்ந்த லார்ஸ் வில்ஸன் என்ற ஆய்வாளர், ஒலிபெருக்கியில் நீரோட்டச் சத்தத்தை ஒலிக்கவிட்டுப் பார்த்தார். சத்தம் வந்த இடத்தில் பீவர்கள் குச்சிகளைக் கொண்டுவந்து குவித்தன. உடைப்பு போட்டால் சலசலப்பு கூடும். அடைப்பதற்காக அது இன்னும் நாலு மரங்களை வெட்டும். இழப்பு உங்களுக்குத்தான்.

ஒரே மூச்சில் உடைத்தால் கீழே இருப்பவர்களுக்கும் ஆபத்து. 1984 ஜூலையில் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் கனமழையில் பீவர் அணைகள் உடைந்து, அந்த வெள்ளம் ரயில் பாதையின் அடிமண்ணை அரித்துக்கொண்டு போனது. ஆம்ட்ராக் நிறுவனத்தின் பயணிகள் ரயில் தடம்புரண்டு 5 பேர் இறந்தார்கள். அங்கே அணையை உடைத்தது மழை. உங்கள் கடப்பாரை திறந்துவிட்ட தண்ணீர் பக்கத்து வீட்டுக்குள் புகுந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

நிலம் உங்கள் பெயரில் இருப்பதால் ஓடையில் எதையும் செய்யலாம் என்று நினைப்பதும் தவறு. வாஷிங்டன் மாநிலத்தில் பீவர் அணையைக் கலைக்க மீன், வனவிலங்குத் துறையின் அனுமதி வாங்க வேண்டும். ஒன்டாரியோ சட்டம் அணையைச் சேதப்படுத்தத் தடை விதிக்கிறது. தன் சொத்தைக் காப்பாற்றுவதற்கு விலக்கு தருகிறது. மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் உள்ளூர் அலுவலகத்தில் கேட்காமல் தொடக்கூடாது.

“பிடித்து வேறு காட்டில் விட்டுவிடலாமே” என்பார்கள். மாசச்சூசெட்ஸ் உட்பட பல இடங்களில் அது சட்டவிரோதம். சட்டம் அனுமதித்தாலும் இடம் நல்ல இடமாக இருந்தால் வெற்றிடம் நீடிக்காது. பீவர் குட்டிகள் சுமார் இரண்டு வயதில் பெற்றோரை விட்டுப் பிரிந்து புது ஓடை தேடிக் கிளம்பும். அவற்றில் ஒன்று உங்கள் ஓடைக்கே வரும். கிணறு, செப்டிக் டேங்க், பொதுச்சாலை என்று நீர்மட்டம் ஓரடி ஏறுவதைக்கூடத் தாங்காத இடங்களில், பொறி வைத்துப் பீவரைப் பிடிக்க உரிமம் பெற்றவரை அழைப்பதைத் தவிர வழியில்லாமல் போகலாம். ஆனால் அதை முதல் வழியாக எடுக்காதீர்கள். பனிக்காலத்தில் அணைக்குப் பின்னால் தேங்கிய குளத்தை வடிப்பது அதைவிடக் கொடுமை. பனிக்கட்டிக்கு அடியில் சேர்த்துவைத்த கிளைகள்தான் அந்தக் குடும்பத்தின் சாப்பாடு. தண்ணீர் இறங்கினால் கூட்டின் வாசல் வெளியே தெரிந்துவிடும். உள்ளே இருப்பவை பசியிலும் குளிரிலும் சாகும்.

அணையை விட்டுவிட்டு நீர்மட்டத்தைப் பிடிப்பதுதான் பல இடங்களில் நிலைத்து நிற்கும் வழி. அணைக்குள்ளே ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செலுத்துகிறார்கள். ஏரிக்குக் கலிங்கு போல, குழாய் இருக்கும் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்காமல் வெளியேறும். இதிலும் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குழாயின் வாயை அணைக்குப் பக்கத்திலேயே விட்டால் பீவர் தண்ணீர் உறிஞ்சப்படுவதைக் கண்டுபிடித்துச் சேற்றால் அடைத்துவிடும். வாய் அணையிலிருந்து இருபது முப்பது அடி தள்ளி, ஆழமான தண்ணீரில் மூழ்கியிருக்க வேண்டும். அதைச் சுற்றி அகலமான கம்பிக்கூண்டு வேண்டும். அப்போதுதான் இழுவை மெதுவாகி, எங்கே போகிறது என்று அதற்குப் புரியாது. குழாய் சிறியதாக இருந்தால் பெருமழைக்குத் தாங்காது; பொதுவாக 12 அங்குலமோ அதற்கு மேலோ போடுகிறார்கள். குளத்தையே காலி செய்யும் பேராசையும் வேண்டாம். மட்டத்தை மிகவும் இறக்கினால் பீவர் சற்றுத் தள்ளிப் புது அணை கட்டும். நிலத்தைக் காக்கும் அளவுக்கு இறக்கி, மீதியை அதற்கு விடுங்கள்.

சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் குழாயைப் பீவர் அடைக்கிறதென்றால் குழாயின் வாயில் மட்டும் சல்லடை மாட்டுவது வீண். அந்தச் சல்லடையே அடுத்த அணைக்கு அடித்தளம். மேல்நீர்ப் பக்கம் வெளிநோக்கி விரிந்துபோகும் நீண்ட வேலி போட்டால், அடைக்க வேண்டிய நீளம் கூடி, சத்தம் வரும் இடத்திலிருந்தும் அது விலகிப்போக நேரும்.

மரங்களுக்கு மெல்லிய கோழிவலை போதாது. உறுதியான கம்பிவலையைத் தண்டிலிருந்து சில அங்குலம் இடைவெளி விட்டு, நாலடி உயரத்துக்குச் சுற்றுங்கள்; பனி அதிகம் விழும் ஊரில் இன்னும் உயரமாக. பனிமேட்டின் மேல் நின்றும் பீவர் கடிக்கும்.

குழாயைப் பதித்தபின் மறந்துவிடக் கூடாது. பனி உருகியதும், பெருமழை ஓய்ந்ததும் போய்க் கூண்டில் சிக்கிய குப்பையை எடுத்துவிடுங்கள்.