குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிடிபட்டால்: அன்று இரவிலிருந்து கோர்ட் வரை

ஒரு சனிக்கிழமை இரவு பதினொன்றரை மணிக்குத் தம்பி போன் செய்தான். "அண்ணே, ஊதச் சொன்னாங்க, மாட்டிக்கிட்டேன்." யார் மீதும் இடிக்கவில்லை என்று கேட்டபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அடுத்து என்ன செய்வது என்று இருவருக்குமே தெரியவில்லை. தமிழ்நாட்டில் இந்த நிலையில் நிற்பவர்களுக்காக, அப்போது கற்றுக்கொண்டதை எழுதுகிறேன்.

1. தகராறு வேண்டாம், ஊதுங்கள்

ஊத மறுத்தால் தப்பிவிடலாம் என்பது தவறு. தகுந்த காரணமில்லாமல் மறுத்தால், அதுவே வழக்கில் உங்களுக்கு எதிராக நிற்கும். புதுக் குழாய் மாட்டச் சொல்லிக் கேளுங்கள். கடைசி மடக்குக் குடித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். வாயில் தங்கிய மது அளவைக் கூட்டிக் காட்டும்.

கருவியிலிருந்து வரும் சின்னச் சீட்டைப் பொறுமையாகப் படியுங்கள். 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவில் வழக்கு. தம்பியின் சீட்டில் 92 என்று இருந்தது. தேதி, நேரம், வண்டி எண் சரியா என்று பார்த்து, அங்கேயே போனில் படம் எடுத்துவைத்தோம். அந்த மை சில மாதங்களில் மங்கிவிட்டது. படம்தான் கடைசிவரை உதவியது.

2. குடிக்காத ஒருவரை வரவழையுங்கள்

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், அடையாள அட்டை நகலோடு வரச் சொல்லுங்கள். உடன் குடித்த நண்பரை அழைக்காதீர்கள். பின்னால் உட்கார்ந்து வந்தவர் மீதும் உடந்தை என்று 188ஆவது பிரிவில் வழக்குப் போடலாம்.

கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், வீட்டாருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டரிடம் பரிசோதனைக்கு அழைத்துப் போகாவிட்டால் காவலில் வைத்திருக்க முடியாது. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஸ்டேஷனிலேயே ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. வக்கீலுக்குப் பணமில்லை என்றால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண்ணை அழையுங்கள்.

3. "முடித்துவிடலாம்" என்பவரை நம்பாதீர்கள்

எங்களுக்கும் வாசலில் ஒருவர் வந்து, மூவாயிரம் கொடுத்தால் போதும் என்றார். தலையசைக்க இருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். 185ஆவது பிரிவு வழக்கு, ரோட்டில் சமரசத் தொகை கட்டி முடிக்கும் பட்டியலில் இல்லை. கோர்ட்தான் முடிக்க வேண்டும். பணம் போகும், வழக்கு அப்படியே இருக்கும், லஞ்ச வழக்கு வேறு சேரலாம்.

அன்றிரவே வண்டியைக் கேட்டு மன்றாட வேண்டாம். நிறுத்திவைத்த வண்டிக்கு ரசீது வாங்கிக்கொண்டு, ஆட்டோவில் வீடு போய்த் தூங்குங்கள்.

4. கோர்ட்

சம்மன் தேதியைத் தவறவிடாதீர்கள். போகாவிட்டால் வாரன்ட் வரலாம். முதல் முறை என்றால் 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுபடி பிடிபட்டால் 15,000 ரூபாய் அபராதம், அல்லது 2 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

பெரும்பாலோர் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். ஆனால் அதுவும் தண்டனைதான். வேலைக்கோ விசாவுக்கோ விண்ணப்பிக்கும்போது, தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுத வேண்டிவரும். அதனால் ஒப்புக்கொள்ளும் முன் ஒரு வக்கீலிடம் அரை மணி நேரம் பேசிவிடுங்கள். சீட்டில் நேரம் தவறியிருந்தாலோ அளவில் சந்தேகம் இருந்தாலோ அவரிடம் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

யாருக்காவது அடிபட்டிருந்தால்

மேலே சொன்னது எதுவும் போதாது. முதலில் அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேருங்கள், 108-ஐ அழையுங்கள், ஓடிவிடாதீர்கள். உயிர் போயிருந்தால் வழக்கின் தன்மையே மாறிவிடும்; சில சமயம் கொலையாகாத மரணம் விளைவித்த குற்றமாகவும் போகும். உடனே கிரிமினல் வக்கீல் வேண்டும்.

5. லைசென்ஸ்

185ஆவது பிரிவில் தண்டனை ஆனால், குறைந்தது 6 மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று கோர்ட் உத்தரவிட வேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காலத்தில் ஓட்டிப் பிடிபட்டால் அது தனிக் குற்றம், 3 மாதம் வரை சிறை. தம்பி சாவியைத் தன் மனைவியிடம் கொடுத்துவிட்டு, மாதாந்திர பஸ் பாஸ் எடுத்துக்கொண்டான்.