மாலை வகுப்புப் பிள்ளைகளின் முன்னேற்றத்தை அவர்கள் தாளிலேயே பார்ப்பது எப்படி?

"பிள்ளை எப்படிப் படிக்கிறான்?" என்று அம்மா கேட்டால், "பரவாயில்லை" என்பதோடு பல மாலை வகுப்புகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளை எழுதிய தாளையே எடுத்துக் காட்ட முடிய வேண்டும். குளச்சலிலோ குலசேகரத்திலோ பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்து வகுப்பு நடத்துபவருக்கு இந்த முறை போதும்.

வேண்டியவை: பிள்ளைக்கு ஒன்று வீதம் பிளாஸ்டிக் ஃபைல், ஒரு நீள நோட்டு. அட்டை ஃபைல் வேண்டாம். இரண்டு பருவமழையும் பெய்யும் கன்னியாகுமரி மாவட்டத்தில் தாள் சீக்கிரம் நமுத்துவிடும்.

1. இலக்கைச் செயலாக எழுதுங்கள்

ஒரு பருவத்துக்கு மூன்று இலக்குக்கு மேல் வேண்டாம். "கழித்தல் தெரியும்" என்று எழுதினால் அதை அளக்க வழியில்லை. "இரண்டு இலக்க எண்களைக் கடன் வாங்கிக் கழிப்பார், 5 கணக்கில் 4 சரி" என்று எழுதுங்கள். தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிப்பார்கள்; உங்கள் பிள்ளை அரும்பா, மொட்டா, மலரா என்று வகுப்பு ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டால் எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

2. முதல் வாரத் தாள்

பாடம் தொடங்கும் முன்பே ஐந்து கணக்கு கொடுங்கள். வாசிப்புக்கு, பிள்ளை முன்பு பார்த்திராத பத்தி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களை எண்ணுங்கள். அடுத்த முறை அதே பத்தியைக் கொடுத்தால் மனப்பாடம்தான் வெளிவரும். அதே நீளத்தில், அதே கடினத்தில் வேறு பத்திகளை இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ஊர்ப்பேச்சைப் பிழையாக எண்ணாதீர்கள். படத்தைப் பார்த்து "வெள்ளம் குடிக்கான்" (தண்ணீர் குடிக்கிறான்) என்று சொன்னால் அது சரியான விடைதான்.

3. தாளின் மூலையில் மூன்று குறிப்பு

தேதி, இலக்கு எண், கிடைத்த உதவி. உதவிக்கு ஓர் எழுத்து போதும்: தனியாகச் செய்தால் 'த', குறிப்புக் கொடுத்தால் 'கு', கூடவே இருந்து செய்தால் 'கூ'. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் விடுவது இந்த மூன்றாவதைத்தான். 'கூ' தாளில் ஐந்தும் சரியாக இருந்தாலும் பிள்ளைக்குத் தெரியும் என்று அர்த்தமில்லை.

அழிரப்பர் கொடுக்காதீர்கள், தப்பினால் ஒரு கோடு போட்டு அடிக்கட்டும். அழகாகத் திருப்பி எழுதிய தாள் இங்கே உதவாது. முதல் முயற்சியில்தான் பிள்ளை யோசித்த வழி தெரியும். 52−27க்கு விடை இப்படியெல்லாம் வரலாம்:

- 26: முறை தெரியும், எண்ணுகையில் ஒன்று தவறியிருக்கிறது.
- 79: குறியைப் பார்க்காமல் கூட்டியிருக்கிறார்.
- 35: கடன் வாங்கிப் பன்னிரண்டிலிருந்து ஏழைக் கழிக்காமல், 7−2 என்று பெரியதிலிருந்து சிறியதைக் கழித்திருக்கிறார். கடன் வாங்குவது இன்னும் புரியவில்லை.

மூன்றுக்கும் மதிப்பெண் சுழிதான், ஆனால் மருந்து வேறு வேறு. 35 எழுதியவருக்கு இன்னும் இருபது கணக்கு கொடுத்தால் அதே தப்பு இருபது முறை பழகும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு தனிக்குச்சியும் கையில் கொடுங்கள். ஏழு குச்சி எடுக்க ஒரு கட்டை அவிழ்த்தே ஆக வேண்டும். அதைக் கையால் செய்தபின் மறுபடி தாளுக்கு வாருங்கள்.

4. நோட்டில் கட்டம்

இடப்பக்கம் பெயர்கள், மேலே இலக்குகள். கட்டத்துக்குள் த, கு, கூ, தேதியோடு. வராத நாளுக்கு 'வ' போடுங்கள், காலியாக விடாதீர்கள். ஜூன், ஜூலை மழையில் வருகை குறையும். வராததையும் தெரியாததையும் ஒன்றாகப் பார்த்தால் கணக்கே தப்பிவிடும். இரண்டு பேர் வகுப்பெடுத்தால் மாதம் ஒருமுறை அதே ஐந்து தாளைத் தனித்தனியே குறித்து ஒப்பிடுங்கள். ஒருவரின் 'த' மற்றவருக்குக் 'கு'வாக இருப்பது சகஜம்.

5. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வாசியுங்கள்

முதலில் மேலிருந்து கீழாக. ஒரே இலக்கில் பாதிப்பேருக்கு மேல் 'கூ'வில் நின்றால் நாம் கற்பித்த விதத்தை மாற்ற வேண்டும், பிள்ளைகளைக் குறை சொல்லக் கூடாது. பிறகு இடமிருந்து வலமாக, ஒவ்வொரு பிள்ளையாக. அடுத்த இரண்டு வாரப் பாடத்தை இதை வைத்தே முடிவு செய்யுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் ஃபைல் வெறும் சுமை.

பெற்றோரிடம் அவர்கள் பிள்ளையின் முதல் தாளையும் கடைசித் தாளையும் மட்டும் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். கட்ட நோட்டை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. பிள்ளை வேறு வகுப்புக்குப் போனால் ஃபைலும் கூடப் போகட்டும்.