விர்ச்சுவல் மெஷினிலிருந்து ஹோஸ்டுக்கு இணையம்: எங்கெங்கே சறுக்கும்?

கோத்தகிரிப் பக்கம் எங்கள் வீட்டில் இணையம் என்றால் கிழக்குப் பார்த்த ஜன்னல்தான். மேட்டுப்பாளையம் சமவெளி தெரிகிற அந்த ஒரு ஜன்னலில் டாங்கிளை (சிம் போட்டு யூஎஸ்பியில் மாட்டும் இணையக் குச்சி) வைத்தால் சிக்னல் நிற்கும். அடுப்படிக்குக் கொண்டுபோனால் செத்துவிடும். கீழே ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கும் தம்பி ஒருவனுக்கும் இதே கதை. கல்லூரிப் படிப்புக்காக விண்டோஸ் 11 லேப்டாப் வாங்கினான். வீட்டில் கிடந்த பழைய 4ஜி டாங்கிளின் டிரைவர் அதில் ஏறவே மறுத்துவிட்டது. "அண்ணா, விர்ச்சுவல்பாக்ஸ்ல உபுண்டு போட்டா அதுல டாங்கிள் ஓடுது. ஆனா நெட்டு அதுக்குள்ளயே நிக்குது. வெளிய கொண்டுவர முடியுமா?" என்று வந்து நின்றான்.

முடியும். விர்ச்சுவல்பாக்ஸ் என்பது ஒரு கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள். உள்ளே ஓடுகிற அந்த விர்ச்சுவல் மெஷின்தான் கெஸ்ட் (இங்கே உபுண்டு என்ற லினக்ஸ்), அதைச் சுமக்கும் நிஜக் கணினி ஹோஸ்ட். ஆனால் வழக்கத்துக்குத் தலைகீழான வேலை இது. எப்போதும் ஹோஸ்ட் கணினிதான் உள்ளே ஓடும் கெஸ்டுக்கு இணையம் கொடுக்கும். இங்கே கெஸ்ட் கொடுக்க, ஹோஸ்ட் வாங்கிக்கொள்கிறது. எங்கள் மலை ரயில் கல்லாறு தாண்டிக் குன்னூர் ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுக்காது, பின்னால் நின்று தள்ளும். புதிதாக வருபவர்கள் எஞ்சினை முன்னால் தேடுவார்கள். இந்த அமைப்பில் நடக்கும் தவறுகள் பலவும் அப்படித்தான், எஞ்சினைத் தப்பான பக்கம் தேடுவது.

முதல் தவறு, தேவையே இல்லாமல் இதில் இறங்குவது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டாலே வேலை முடிந்துவிடும் என்றால், எதற்கு இவ்வளவு சுற்று? தம்பி வீட்டில் இருப்பது ஒரே ஸ்மார்ட்போன், அதை அம்மா காலையில் எஸ்டேட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். அதனால் அவனுக்கு டாங்கிளை விட்டால் வேறு வழியில்லை. உங்களுக்கு வழி இருந்தால் அதில் போங்கள்.

சரி, இறங்கியாகிவிட்டது. டாங்கிள் கெஸ்டுக்குள் போவதிலேயே ஒரு வில்லங்கம் இருக்கிறது. பழைய டாங்கிள்கள் பலவும் மாட்டியவுடன் மோடமாகக் காட்டிக்கொள்ளாது. முதலில் சிடி டிரைவாக வேஷம் போடும், டிரைவர் கோப்புகளை அதிலிருந்து நிறுவட்டும் என்று. லினக்ஸ் அதைத் தட்டி எழுப்பியதும் துண்டித்துக்கொண்டு, வேறு தயாரிப்பு எண்ணோடு மோடமாகத் திரும்பி வரும். எந்த யூஎஸ்பி சாதனம் கெஸ்டுக்குப் போக வேண்டும் என்று சொல்லும் விர்ச்சுவல்பாக்ஸின் யூஎஸ்பி ஃபில்டரை நாம் சிடி வேஷத்தில் இருந்தபோது பதிவு செய்திருப்போம். புது எண்ணோடு வருகிற மோடம் அந்த ஃபில்டரில் சிக்காமல் நேராக விண்டோஸின் கைக்குப் போய்விடும். "ஒரு நிமிஷம் தெரியுது, அப்புறம் காணாமப் போகுது" என்று தம்பி சொன்னது இதைத்தான். ஃபில்டரில் உற்பத்தியாளர் எண்ணை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாக் கட்டங்களையும் காலி செய்தோம். இரண்டு வேஷத்திலும் பிடிபட்டது.

அடுத்தது நான் ஒரு மாலை முழுவதும் தொலைத்த தவறு. புதிதாக ஒரு விர்ச்சுவல் மெஷின் உருவாக்கினால் அதற்கு நேட் வகை நெட்வொர்க் அடாப்டர் தானாகவே கிடைக்கும். கெஸ்டின் முகவரி 10.0.2.15, அதன் கேட்வே (வெளியே போகும் வாசல்) 10.0.2.2. இந்த அடாப்டர் ஹோஸ்டின் இணையத்தைக் கெஸ்டுக்குக் கொண்டுவருவதற்காக இருப்பது. இதன் வழியாக ஹோஸ்ட் நேரடியாகக் கெஸ்டைத் தொட முடியாது. ஆகவே ஹோஸ்டையும் கெஸ்டையும் மட்டும் இணைக்கும் ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டர் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். நானும் சேர்த்தேன். பழைய நேட் அடாப்டரை 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று விட்டுவிட்டேன். அதுதான் பிழை.

கெஸ்டுக்குள் இப்போது வெளியேற இரண்டு வழிகள்: நேட் ஒன்று, டாங்கிள் ஒன்று. உபுண்டுவின் நெட்வொர்க் மேனேஜர் கம்பி இணைப்புக்கு 100 என்றும் மொபைல் மோடத்துக்கு 700 என்றும் மதிப்புப் போடும். எண் குறைந்த வழிக்குத்தான் முன்னுரிமை. நேட் அடாப்டர் கம்பி இணைப்பாகத் தெரிவதால் கெஸ்ட் டாங்கிளைத் திரும்பிக்கூடப் பார்க்காது. ஹோஸ்டின் பாக்கெட் (தகவல் துண்டு) கெஸ்டுக்குப் போகும், கெஸ்ட் அதை நேட் வழியாக ஹோஸ்டிடமே திருப்பித் தரும், ஹோஸ்ட் மறுபடி கெஸ்டிடம் தள்ளும். செக்குமாடு மாதிரி சுற்றல். ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புது இணைப்பு முளைக்க, லேப்டாப் விசிறி அலற ஆரம்பித்தது. வைரஸ் என்று நினைத்து ஸ்கேன் எல்லாம் ஓட்டினேன், வெட்கக்கேடு. நேட் அடாப்டரை அணைத்த நொடியில் எல்லாம் அடங்கிவிட்டது.

பிரிட்ஜ்டு அடாப்டர் போடலாமே என்று சிலர் கேட்பார்கள். அது ஹோஸ்டின் கேபிளோடோ வைஃபையோடோ கெஸ்டை இணைப்பது. கேபிளும் இல்லை, வைஃபையும் இல்லை என்பதால்தானே இந்தக் கூத்தே. வேண்டாம்.

ஹோஸ்ட்-ஒன்லி வலையில் விர்ச்சுவல்பாக்ஸ் வழக்கமாக ஹோஸ்டுக்கு 192.168.56.1 என்ற முகவரியைத் தரும். கெஸ்டுக்கு நாமே 192.168.56.2 என்று நிலையாக எழுதிவிடுவது நல்லது. டிஹெச்சிபி (தானாக முகவரி வழங்கும் ஏற்பாடு) தரும் முகவரியை நம்பி அதையே ஹோஸ்டில் கேட்வேயாக எழுதினால், அது மாறுகிற நாளில் காரணம் தெரியாமல் முழிப்போம். கெஸ்டில் அந்த அடாப்டருக்குக் கேட்வே கட்டத்தைக் காலியாக விட வேண்டும், அங்கே 192.168.56.1 என்று போட்டால் மறுபடியும் செக்குதான். ஹோஸ்டில் கேட்வே 192.168.56.2. டிஎன்எஸ் (தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தருவது) கட்டத்தையும் நிரப்புங்கள், 8.8.8.8 போதும். கேட்வே போட்டுவிட்டு டிஎன்எஸ்ஸை மறப்பவர்கள்தான் அதிகம். எண்ணுக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை) போகும், பெயருக்குப் போகாது என்றால் இதுதான் கோளாறு, வேறெங்கும் தோண்ட வேண்டாம்.

பிங்கே போகவில்லையா? கெஸ்டுக்குள் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். ஒருவர் பாக்கெட்டை வாங்கி இன்னொரு பக்கம் கடத்துவதற்கு ஐபி ஃபார்வர்டிங் வேண்டும்; உபுண்டுவில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். அது மட்டும் போதாது. 192.168.56.1 என்பது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி, அந்த முகவரியோடு போகிற பாக்கெட்டுக்கு வெளியிலிருந்து பதில் வராது. டாங்கிள் பக்கம் மாஸ்கரேட் விதி எழுதினால்தான் டாங்கிளின் முகவரி மேலே ஒட்டப்படும். இரண்டையும் டெர்மினலில் தட்டிவிட்டு "ஆச்சு" என்று எழுந்துபோவது இன்னொரு பிழை. இங்கே மழைக்காலத்தில் கரண்ட் எத்தனை முறை போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. மறுபடி துவங்கும்போது இரண்டும் மறைந்திருக்கும். அமைப்புக் கோப்பில் எழுதி நிரந்தரமாக்குங்கள்.

கெஸ்ட் விண்டோஸாக இருந்தால் கதை வேறு. முன்பு என் லேப்டாப் லினக்ஸ். அலுவலக வலைக்குப் பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அதனால் கெஸ்டாக விண்டோஸ். அதில் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங் என்ற வசதியைத் தட்டிவிட்டால், கேட்காமலேயே ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரின் முகவரியை 192.168.137.1 என்று மாற்றிவிடும். நானோ 56-லேயே பிங் செய்துகொண்டிருந்தேன். ஹோஸ்டையும் 137-க்கு மாற்றப் போனால் விர்ச்சுவல்பாக்ஸ் சம்மதிக்கவில்லை: 6.1.28 பதிப்பிலிருந்து லினக்ஸ் ஹோஸ்டில் 192.168.56 முதல் 63 வரை உள்ள முகவரிகளுக்கு மட்டும்தான் இயல்பாக அனுமதி. அதற்கென உள்ள நெட்வொர்க்ஸ் கோப்பில் புது வரம்பைச் சேர்க்க வேண்டும். விர்ச்சுவல்பாக்ஸின் டிஹெச்சிபியையும் நிறுத்திவிடுங்கள். விண்டோஸும் தன் பங்குக்கு முகவரி கொடுக்கும், ஒரு வலைக்கு இரண்டு டிஹெச்சிபி ஆகாது. இன்னொன்று, விபிஎன்னை இப்படி ஹோஸ்டுக்கு நீட்டுவது பல அலுவலகங்களில் விதிமீறல். கேட்டுவிட்டுச் செய்யுங்கள், நான் கேட்டேன், எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டேன்.

விபிஎன் இருக்கும் இடத்தில் சில தளங்கள் திறக்கும், சில பாதியில் தொங்கும். பலர் உடனே சிக்னலைத் திட்டுவார்கள். பாவம், அதன் மேல் குற்றமில்லாமலும் இருக்கலாம்; பாக்கெட் விபிஎன் வழியில் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கலாம். பிங்கில் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 1472 பைட் அனுப்பிப் பாருங்கள். தலைப்புக்கான 28-ஐச் சேர்த்தால் 1500. போகவில்லை என்றால் 1400, 1350 என்று குறைத்துக்கொண்டே வாருங்கள். எந்த அளவில் போகிறதோ அதோடு 28 கூட்டி ஹோஸ்ட் அடாப்டரின் எம்டியூவாக (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) எழுதினால் தொங்கல் தீரும்.

பழைய விண்டோஸ் எக்ஸ்பியைக் கெஸ்டாக வைத்து டாங்கிளை மாட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலோடு முடிந்துபோனது. இணையத்தை முதலில் தொடுவது கெஸ்ட்தான், ஹோஸ்ட் அல்ல. வாசலில் காவல் நிற்பவனையே கிழடாக வைத்தால் எப்படி?

தம்பியின் லேப்டாப் ஓட ஆரம்பித்த மறுநாள் காலையில் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. ஹோஸ்ட்-ஒன்லி இணைப்பு விண்டோஸின் கண்ணுக்குச் சாதாரணக் கம்பி இணைப்பு, அதனால் இரவோடு இரவாக அப்டேட்டை இறக்கிவிட்டது. அமைப்பில் அந்த அடாப்டரை மீட்டர்டு (டேட்டாவை அளந்து செலவழிக்க வேண்டிய இணைப்பு) என்று குறித்துவைத்தோம்.

இரண்டு வாரம் நிம்மதியாகப் போனது. அப்புறம் கோயம்புத்தூரிலிருந்து போன். "அண்ணா, ஹாஸ்டல் வைஃபை கனெக்ட் ஆகுது, ஆனா எதுவும் திறக்க மாட்டேங்குது. எல்லார் லேப்டாப்லயும் வருது." ஹோஸ்ட்-ஒன்லி அடாப்டரில் நாங்கள் எழுதிய கேட்வே அப்படியே இருந்தது. விண்டோஸ் வேகமான இணைப்புக்கு முதலிடம் தரும், அந்த அடாப்டரோ 1 ஜிபிபிஎஸ் என்று காட்டிக்கொள்ளும். வைஃபையை ஒதுக்கிவிட்டு, அணைத்து வைத்த உபுண்டுவிடம் வழி கேட்டுக்கொண்டிருந்தது லேப்டாப். அடாப்டரை டிசேபிள் செய்யச் சொன்னேன். "வந்துருச்சுண்ணா" என்றான். ஊருக்கு வரும்போது மறுபடி எனேபிள் செய்ய மறக்காதே என்று சொல்வதற்குள் வைத்துவிட்டான்.